'ரோஜர்' என்கிறார், ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை

எனக்கு வந்த கடிதம் நீளமானது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவர் அறுபதுகளின் கடைசியில் இருக்கும் ஒரு பெண்மணி. கணவர் பயணிகள் விமானத்தில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களுக்கு முன் அல்சைமர் என்று உறுதியாகி, இப்போது நடுக்கட்டத்தில் இருக்கிறார். ஒருநாள் காலையில் சட்டை போட மாட்டேன் என்று அடம்பிடித்தவரிடம், இவர் அலுத்துப்போய் பாதிக் கோபத்தில் "கேப்டன், பிஃபோர் ஸ்டார்ட் செக்லிஸ்ட்!" என்றிருக்கிறார். அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து "கோ அஹெட்" என்றாராம். அன்றிலிருந்து வீட்டில் பாதிப் பேச்சு காக்பிட் பேச்சுதான். சாப்பாடு தாமதமானால் 'ஸ்டேண்ட் பை', குளிக்கக் கூப்பிட 'ப்ரீ-ஃப்ளைட்' (கிளம்புவதற்கு முந்தைய சரிபார்ப்பு), கையைப் பிடித்து நடக்கும்போது 'டாக்ஸி ஸ்லோ' (விமானம் தரையில் மெல்ல உருள்வது).

பல நாள் இது கைகொடுக்கிறது. ஆனால் மகளுக்குப் பிடிக்கவில்லை, அப்பாவைக் கேலிப்பொருள் ஆக்குகிறாய், பொய் சொல்லி ஏமாற்றுகிறாய் என்கிறாள். கணவரோ எதைச் சொன்னாலும் 'ரோஜர்' என்று சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வேண்டுமென்றே பண்ணுகிறாரோ என்று இவருக்குக் கோபம் வருகிறது. சாயங்காலமானால் பையைத் தூக்கிக்கொண்டு 'ரிப்போர்ட்டிங் டைம் ஆச்சு' என்று வாசலுக்குப் போகிறார். 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று காரின் ஸ்டீயரிங் பக்கம் ஏறி உட்காருகிறார், அவ்வளவு பெரிய விமானத்தையே ஓட்டியவர், பக்கத்துத் தெரு வரை ஓட்டினால் என்ன என்று இவருக்கும் தோன்றுகிறது. விடாமல் இப்படியே பேசிக்கொண்டிருந்தால் நோய் மெதுவாகும்தானே என்றும் கேட்கிறார். எல்லாம் முடிந்து ஒரு பின்குறிப்பு: நான்கைந்து நாளாக ராத்திரியில் 'மேடே, மேடே' என்று கத்துகிறார், அறையில் யாரோ நிற்கிறார்கள் என்கிறார், பகலெல்லாம் தூங்கி வழிகிறார், சளிக்குக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், அதனால் தூக்கம் கூடிவிட்டதோ?

அம்மா, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பின்குறிப்பிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். மற்றதையெல்லாம் அடுத்த வாரம் பேசினாலும் ஒன்றும் கெட்டுவிடாது, இது அப்படியில்லை.

அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறங்கும் நோய். நான்கைந்து நாளில் ஒருவர் மாறினால் அது நோய் முற்றியதாக இருப்பது அபூர்வம், அநேகமாக வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. டெலிரியம் என்போம், திடீர்க் குழப்ப நிலை. சிறுநீரில் தொற்று, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, உடம்பில் நீர் குறைவது, சோடியம் குறைவது, எங்கேயோ இருக்கும் வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இதில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். எனக்கு முதல் சந்தேகம் அந்தச் சளி மாத்திரை மேல்தான். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கிடைக்கும் பழைய வகை மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமைன், டைஃபென்ஹைட்ரமைன் மாதிரி மருந்துகள் இருக்கும். நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் அல்சைமரில் ஏற்கெனவே குறைந்திருக்கிறது. அவர் டோனெபெசில் என்ற அல்சைமர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அது இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கிறது. இந்தச் சளி மாத்திரை நேர் எதிர்வேலை செய்கிறது. தொற்று எதுவும் இருக்கிறதா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். அதனால் இன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், சளி மாத்திரையை நிறுத்தி அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள், 'இது புதுசு, நாலஞ்சு நாள்ல வந்தது' என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். இல்லையென்றால் 'டிமென்ஷியாதானே, அப்படித்தான் இருக்கும்' என்று யாராவது ஒரு தூக்க மாத்திரையோடு அனுப்பிவிடக் கூடும். ஆட்கள் தெரிவது இதற்கு முன்பே மாதக்கணக்கில் இருந்தது என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்; லூயி பாடி என்ற இன்னொரு வகை டிமென்ஷியாவில் ஹாலோபெரிடால் மாதிரியான அமைதிப்படுத்தும் மருந்துகள் கடுமையாகத் தாக்கும்.

ராத்திரி அவர் 'மேடே' என்றால் விளையாட்டாகப் பதில் சொல்லாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே வாயில் வர வேண்டிய சொல் அது, அதை வேலைக்காலத்தில் அவர் சும்மா உச்சரித்திருக்கவே மாட்டார். விளக்கைப் போட்டு, முன்பக்கமாகப் போய், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, 'நான் இங்கதான் இருக்கேன்' என்று சொல்லுங்கள். அப்புறம் வலிக்கிறதா, பாத்ரூம் போக வேண்டுமா என்று பாருங்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

ஏன் அந்தப் பேச்சு எடுபடுகிறது

நேற்று என்ன நடந்தது என்பதைப் பதிந்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைத்தான் அல்சைமர் முதலில் தின்னத் தொடங்கும். பல்லாயிரம் தடவை செய்து செய்து கைக்கும் வாய்க்கும் பழகிப்போனவை மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை, அவை கொஞ்சம் தாமதமாகத்தான் ஆட்டம் காணும். காலையில் சாப்பிட்டது நினைவில்லாதவர் 'செக்லிஸ்ட்' என்றதும் 'கோ அஹெட்' என்பது அதனால்தான். இது எல்லோருக்கும் ஓரளவு தெரிந்த காரணம்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அந்த மொழியைச் செய்த விதமே அப்படி. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்படக் காத்திருந்த விமானத்திலிருந்து வந்த ஒரு குழப்பமான வாக்கியம், அதற்கு விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒரு 'ஓகே', அடுத்து 'ஸ்டேண்ட் பை' என்று சொன்னது ரேடியோ இரைச்சலில் சரியாகக் கேட்காமல் போனது, விபத்துக்கு இதெல்லாமும் காரணம். அதற்குப் பிறகுதான் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, புறப்பட அனுமதி கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர வேறெங்கும் சொல்லக் கூடாது என்று இறுக்கினார்கள். ஒரு சொல், ஒரே பொருள், ஒரு நேரத்தில் ஒரு விஷயம், சொன்னதும் பதில். களைத்துப்போன காதுக்கும் இரைச்சலுக்கும் நடுவில்கூடத் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்று வடிகட்டிய பேச்சு அது. உங்கள் கணவரின் மூளைக்கு இன்று தேவைப்படுவதும் அச்சு அசலாக அதே மாதிரிப் பேச்சுதான். 'குளிச்சுட்டு வந்து சாப்பிட்டா அப்புறம் பேத்தி போன் பண்ணுவா, சீக்கிரம் வாங்க, தண்ணி ஆறுது' என்பதில் நாலைந்து விஷயம் இருக்கிறது. 'ப்ரீ-ஃப்ளைட், கேப்டன்' என்பதில் ஒன்றுதான்.

அதனால் விமானச் சொல்லே வேண்டும் என்றுகூட இல்லை. 'சட்டை. கையை நீட்டுங்க.' இதுவும் அதே வேலையைச் செய்யும். சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள், அதற்குள் மறுபடி சொன்னால் அவருக்கு அது இரண்டாவது கட்டளையாகக் கேட்டு முதலாவதும் நழுவிவிடும். காதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: வருடக்கணக்கில் இன்ஜின் சத்தத்தில் இருந்தவர், காதில் அழுக்கு அடைத்திருந்தாலோ கேட்கும் திறன் குறைந்திருந்தாலோ அதுவும் சேர்ந்து மறதி மாதிரியே தெரியும்.

'ரோஜர்' சம்மதம் இல்லை

இது உங்களுக்கே தெரிந்திருக்கும், ஆனால் கோபத்தில் மறந்துபோகிறது. அவர் தொழிலில் 'ரோஜர்' என்றால் நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுசாக வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் அர்த்தம். செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ' என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஆக, ரோஜர் சொல்லிவிட்டுச் செய்யாத மனிதர், கணக்குப் பார்த்தால், வாக்குத் தவறவே இல்லை!

டிமென்ஷியாவில் அந்த ரோஜருக்கு அவ்வளவு அர்த்தம்கூட இல்லாமல் போகலாம். யாராவது பேசி நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். கேட்டிருக்கலாம், புரிந்துமிருக்கலாம், ஆனால் எழுந்திருப்பது என்ற வேலையைத் தொடங்குவதற்கு மூளையில் ஒரு தூண்டுதல் வேண்டும், அது பழுதாகியிருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது பிடிவாதமாகத்தான் தெரியும். நீங்கள் கோபப்பட்டதில் தப்பில்லை, ஆனால் அவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதை நம்புங்கள்.

விமானிகள் கோபுரம் சொன்ன உயரம், திசை, ஓடுபாதை எண் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டுவார்கள், 'ரீட்பேக்'. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து 'நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லுங்க' என்று கேட்டுவிடாதீர்கள். அது பரீட்சை, தோற்றுப்போவார், தோற்றது மட்டும் நெஞ்சில் நிற்கும். அவருடைய ரீட்பேக்கை உடம்பில் பாருங்கள். 'எழுந்திருங்க' என்றபோது கை நாற்காலிப் பிடியைத் தேடுகிறதா? தேடினால் போய்ச் சேர்ந்துவிட்டது. தேடவில்லையென்றால் அவர் கையை எடுத்து நீங்களே அந்தப் பிடிமேல் வையுங்கள், மீதி அசைவு பெரும்பாலும் தானாக வரும். 'ஸ்டேண்ட் பை' விஷயத்திலும் ஒரு திருத்தம்: நேரம் எவ்வளவு ஓடியது என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு மூன்று நிமிஷத்தில் திரும்பி வந்து ஏதாவது சொல்ல முடியும் என்றால் மட்டும் அதைச் சொல்லுங்கள். அரை மணி நேரம் காக்க வைக்க அந்தச் சொல்லைச் செலவழித்தால் கொஞ்ச நாளில் அது செத்துவிடும்.

அப்புறம், குளிக்க மாட்டேன் என்று கையைத் தட்டிவிடும் நாள் வரும். அன்றைக்கு வாதாட வேண்டாம். விட்டுவிட்டு வெளியே வாருங்கள், இருபது நிமிஷம் கழித்து வேறு முகத்தோடு, வேறு வாக்கியத்தோடு போங்கள். தரையிறங்க வந்த விமானம் சரியாக அமையவில்லை என்று மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருவதை அவர் 'கோ அரவுண்ட்' என்பார், அதைத் தோல்வி என்று எந்த விமானியும் எழுதி வைப்பதில்லை.

மகள் சொல்வதில் பாதி சரி

கேலியா இல்லையா என்பதைச் சொற்கள் தீர்மானிப்பதில்லை. விருந்தினர் முன்னால் 'பாருங்க, இப்ப எப்படிச் சொல்றார் பாருங்க' என்று அவரைப் பேச வைத்தால் அது கேலி, அதை ஒருமுறைகூடச் செய்யாதீர்கள். உத்தரவு எப்போதும் உங்களிடமிருந்தே வருகிறது, அவர் 'யெஸ்' சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்றால், அதுவும் கேப்டனாக இருந்தவருக்கு நல்லதில்லை.

உத்தரவு கொடுக்கும் இடத்தை அவருக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் நாலே வரி எழுதுங்கள்: மாத்திரை, கண்ணாடி, காதுக் கருவி, செருப்பு. அதை அவர் கையில் கொடுங்கள். அவர் வாசிக்கட்டும், நீங்கள் 'செக்டு' சொல்லுங்கள். சத்தமாக வாசிக்கும் திறன் பலருக்கும் நோயின் நடுக்கட்டத்திலும் ஓரளவு தங்கும். இதில் அவருக்கு இன்னொரு ஆறுதலும் இருக்கிறது. செக்லிஸ்ட் என்ற பழக்கம் வேரூன்றியதே ஒரு தேர்ந்த விமானியின் மறதியால்தான். 1935 அக்டோபர் 30 அன்று போயிங் மாடல் 299 என்ற புது விமானத்தைச் சோதித்தவர்கள், நிறுத்தியிருக்கும்போது வால்பகுதியின் அசையும் தகடுகள் காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்து கிளம்பிவிட்டார்கள், விமானம் எழும்பிய வேகத்தில் விழுந்தது. அனுபவம் உள்ளவனும் மறப்பான், அதனால் எழுதி வைத்து வாசி என்று ஒப்புக்கொண்ட தொழில் அது. அட்டையைப் பார்த்து நடப்பதில் ஒரு விமானிக்குக் கூச்சமே வராது, இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் மற்ற குடும்பங்களைவிட அதிர்ஷ்டசாலி.

மகளை இந்தப் பேச்சுக்குள் இழுக்க வேண்டாம். அவளுக்கு அவர் கேப்டன் இல்லை, அப்பா. அவள் 'அப்பா' என்று கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா கையைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். நீங்களும் நாள் முழுக்க ஏர் டிராஃபிக் கன்ட்ரோலாக இருக்காதீர்கள். உடுத்துவது, குளிப்பது, மாத்திரை போன்ற வேலைகளுக்கு அந்தப் பேச்சு போதும். தலை வாரிவிடும்போதும் படுக்கையில் போர்த்திவிடும்போதும் நீங்கள் எப்போதும் அவரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள்.

பொய் என்ற குற்றச்சாட்டு சாயங்காலப் பையோடு வருகிறது. 'நீங்க ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆச்சு' என்று தினமும் சொல்லித் திருத்துவது உண்மைதான், ஆனால் அவருக்கு அது தினமும் புதுச் செய்தி. 'ஃபிளைட் டிலே' என்ற பொய்யைப் பலரும் சிபாரிசு செய்வார்கள், உங்கள் வீட்டில் அது வேண்டாம். தாமதம் என்றால் ஒரு விமானிக்கு ஓய்வு இல்லை, வேலை. எவ்வளவு தாமதம், எரிபொருள் போதுமா, டியூட்டி நேரம் தாண்டுமா என்று அதிகப் பதற்றத்தோடு போனைத் தேடுவார். 'இன்னைக்கு ரோஸ்டர்ல உங்களுக்கு ஆஃப்' என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு இன்று டியூட்டி இல்லை என்பது நிஜமும்கூட. அதற்கும் முன்னால், 'எந்த செக்டார் (எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு)? கூட யார் வர்றாங்க?' என்று கேட்டுப் பேச விடுங்கள், பல நேரம் அந்தப் பேச்சே போதும். என்றைக்காவது தெளிவாக, உங்கள் கண்ணைப் பார்த்து 'நான் ரிட்டயர் ஆயிட்டேனா?' என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுத் திரையை இழுத்துவிடுவது, பகல் தூக்கத்தைக் குறைப்பது, அந்த நேரத்தில் பசியோ பாத்ரூமோ என்று பார்ப்பது, வாசல் கதவில் திறந்தால் ஒலிக்கும் மணி, கையில் பெயரும் போன் எண்ணும் உள்ள வளையம், இவையெல்லாம் சொல்லாமலே செய்ய வேண்டியவை.

கார் சாவி

இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை, பக்கத்துத் தெருவரைகூட வேண்டாம். கிளட்சை மிதிப்பதும் கியர் போடுவதும் கைகால்களுக்குத் தெரியும், அது உண்மை. திடீரென்று குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் பார்ப்பது, தூரத்தைக் கணிப்பது, முடிவெடுப்பது, இதெல்லாம் கைப்பழக்கத்தில் இல்லை, போய்விட்ட பகுதிகளில் இருக்கிறது. நடுக்கட்ட அல்சைமரில் வண்டி ஓட்டுவது அவருக்கு மட்டுமில்லை, ரோட்டில் போகிறவர்களுக்கும் ஆபத்து. உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நோயைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு, உங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிவிக்காமல் விபத்து நடந்தால் இழப்பீட்டுச் சிக்கல் உங்கள் தலையில்தான் விழும்.

இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, மருத்துவர். விமானிகள் வேலைக்காலம் முழுக்கக் குறித்த இடைவெளியில் மருத்துவப் பரிசோதனைக்குப் போய் நின்றவர்கள். சர்வதேச வணிக விமானங்களில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 65 வயதோடு இறங்கிவிட வேண்டும் என்பதும் அவர்கள் பழகிய விதி. 'டாக்டர் கிரவுண்ட் பண்ணிட்டார்', அதாவது ஓட்டக் கூடாது என்று நிறுத்திவிட்டார் என்பது அவருக்குக் கசக்கும், ஆனால் அவமானமாக இருக்காது. உங்கள் மருத்துவரிடம் அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், கேட்கும்போதெல்லாம் காட்டலாம். சாவி கண்ணில் படக் கூடாது. முடிந்தால் காரும் படக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. ஊட்டிவிடும்போது ஸ்பூனை அவர் கையில் கொடுத்து 'யூ ஹேவ் கன்ட்ரோல்' என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இயக்கும் பொறுப்பு முழுசாகக் கைமாறுகிறது என்று சொல்லும் வாக்கியம் அது, ஸ்டீயரிங் பக்கத்தில் எதிரொலித்தால் ஆபத்து. காரில் போகும்போது நீங்களோ வேறு யாரோ ஓட்ட, 'கேப்டன், நீங்க மானிட்டரிங்' என்று சொல்லலாம். கோ-பைலட் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பதும் கேப்டன் வேலைதான், பதவி குறைந்ததாகாது. ஸ்டீயரிங்கை எட்டிப் பிடிக்கும் பழக்கம் வந்தால் பின் சீட்.

நோய் மெதுவாகுமா?

ஆகாது அம்மா. இந்தப் பேச்சு சிகிச்சை இல்லை, நாளைச் சண்டையில்லாமல் நகர்த்தும் ஒரு வழி, அதுவே பெரிய விஷயம். ஒருநாள் 'செக்லிஸ்ட்' என்றால் வெறுமனே பார்ப்பார். அதற்கு இப்போதே தயார் செய்யுங்கள்: ஒவ்வொரு சொல்லோடும் ஒரே அசைவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது கட்டைவிரலை உயர்த்துங்கள், உட்காரச் சொல்லும்போது தோளில் கை வையுங்கள். சொல் போன பிறகும் குரலின் தொனியும் தொடுகையும் நெடுநாள் போய்ச் சேரும்.

வங்கி, சொத்து, வருங்கால மருத்துவ விருப்பங்கள் பற்றிய காகிதங்களுக்கு ஒரு வழக்கறிஞரை இந்த மாதமே பாருங்கள், ஆனால் இப்போதைய குழப்பம் தெளிந்த பிறகு. டிமென்ஷியா வந்துவிட்டால் கையெழுத்தே செல்லாது என்று நினைக்காதீர்கள். குறிப்பிட்ட ஒரு முடிவை அந்த நேரத்தில் புரிந்துகொள்கிறாரா என்றுதான் பல நாடுகளில் பார்ப்பார்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. கடிதம் முழுக்க அவர் இருக்கிறார், நீங்கள் தூங்குகிறீர்களா என்று ஒரு வரி இல்லை. நீண்ட தூர விமானங்களில் கூடுதல் விமானிகளை ஏற்றிக்கொண்டு முறைபோட்டுத் தூங்குவார்கள், உங்கள் வீட்டில் முறைக்கு ஆளில்லை. வாரத்தில் இரண்டு மதியமாவது மகளோ ஒரு உதவியாளரோ பார்த்துக்கொள்ள வேண்டும். 'என்னைத் தவிர யாருக்கும் அவர் பேச்சு புரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: எந்தச் சொல்லுக்கு என்ன செய்வார், எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது, எந்த நேரத்தில் பையைத் தேடுவார், 'ரோஜர்' என்றால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எந்தப் பக்கத்துக் காது நன்றாகக் கேட்கும். வருகிறவரை முதல் இரண்டு தடவை உங்கள் பக்கத்தில் நிறுத்திச் செய்ய விடுங்கள், மூன்றாவது தடவை நீங்கள் வெளியே போய்விடுங்கள்.